கிணத்துக்குக் ‘கதிரியக்க பில்டர்’ பூட்டோணுமோ?

வெங்காயத்தோட்டம்:
உரும்பிராயில இருக்கிறன். போன கிழமை ஒரு பெடியன் வந்து, கூடங்குளத்தில ஏதும் நடந்தால் எங்கட கிணறுகள் நாசம் எண்டு பயப்படுத்திப்போட்டு ஒரு பில்டரைக் காட்டினவர். உள்ளுக்கு சாம்பல் நிறக் கல்லு, சியோலைட்டாம். அம்மா முற்பணம் குடுக்கச் சொல்லி நிக்கிறா. உது வேலை செய்யுமோ?

மணிக்கூட்டுக்கோபுரம்:
ஏன் வீண் செலவு? கொதிக்க வைச்சுக் குடியுங்கோ.

பழைய வாத்தியார்:
தம்பி மணிக்கூடு, கொதிச்சால் கிருமி சாகும், அணு உலையில இருந்து வாற கதிரியக்கச் சீசியம் சாகாது. தண்ணி வத்த வத்தச் செறிவுதான் கூடும்.

கல்லில பொய்யில்லை. சியோலைட்டின்ர நுண்துளைக்குள்ள சோடியம் அயன் இருக்கும். சீசியம் வந்தால் சோடியத்தை வெளியில விட்டிட்டு அதைப் பிடிச்சு வைக்கும். 1979இல அணு உலை விபத்து நடந்த அமெரிக்காவின்ர திரீ மைல் ஐலண்டிலயும், 2011இல நடந்த யப்பானின்ர புகுஷிமாவிலயும் இதைப் பாவிச்சவை. பிரஷ்யன் நீலம் எண்ட சாயமும் சீசியத்துக்குக் கெட்டி. 1987இல பிரேசிலின்ர கொய்யானியாவில சீசியம் பட்ட ஆக்களுக்கே மருந்தாக் குடுத்தவை.

உலையில இருந்து வாற இன்னொண்டு, ஸ்ரோன்சியம், வேற கதை. அது கல்சியத்தின்ர கூடப்பிறந்தது மாதிரி. உங்கட கேத்தில் அடியில படியிற வெள்ளையைப் பாருங்கோ. சுண்ணாம்புக்கல் கிணத்தில அவ்வளவு கல்சியமும் முண்டியடிச்சு கல்லில இடத்தைப் பிடிச்சிடும். திரித்தியம் எண்ட கதிரியக்க ஐதரசனுக்கோ கல்லே இல்லை, அது தண்ணி மூலக்கூறாவே திரியிற சாமான். புகுஷிமாவில 62 வகை அணுக்கருக்களை வடிக்கிற தொகுதி கட்டியும் அதை எடுக்கேலாமல், ஐதாக்கி 2023 ஓகஸ்டில இருந்து கடலில விடுகினம்.

அதோட, பிடிச்ச கல்லை எங்க கொட்டுறது? அங்க நிலக்கீழ் அறையில போட்ட சியோலைட் மூட்டைகளுக்குக் கிட்டப் போகேலாத அளவுக்குக் கதிர்வீச்சு. நீங்கள் வேலியோரம் கொட்டுவியளோ?

வெங்காயத்தோட்டம்:
கல்லு நிரம்பினால் நிறம் மாறுமாம், சேர்.

பழைய வாத்தியார்:
மாறாது. அந்தப் பெடியன் என்ர வகுப்பில இருந்திருந்தால் வாங்கில் மேல ஏத்தியிருப்பன். வராத சீசியத்தை விடுங்கோ. தோட்டத்துக்குப் போட்ட யூரியா கிணத்துக்குள்ள நைத்திரேற்றா நிக்கும். உலக சுகாதார நிறுவன எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அது மறை ஏற்றம் உள்ள அன்னயன். நேர் ஏற்றம் உள்ள கற்றயனைப் பிடிக்கிற உந்தக் கல்லுக்கு அது அம்பிடாது. கொதிக்க வைச்சாலும் போகாது. கைக்குழந்தையளுக்குத்தான் அது கூட ஆபத்து. வீட்டில பால்மாக் குடிக்கிற கைக்குழந்தை இருக்கோ?

வெங்காயத்தோட்டம்:
அக்காவின்ர பிள்ளைக்கு நாலு மாதம், சேர். காலமை போத்தலில எடுத்துக்கொண்டு சோதிக்கப் போறன். அம்மாட்டைச் சொல்லிப்போட்டன், முற்பணம் இல்லை.