எங்கட ஒழுங்கைக் குழு: வெடிச்ச கடல்மீன் தொட்டி

வெள்ளி பின்னேரம்

5:48 குகன்: எல்லாரும் கவனியுங்கோ, அவசரம். 4 அடிக் கடல்மீன் தொட்டியின்ர முன்கண்ணாடி கீழ்மூலையில இருந்து வெடிச்சு மேல ஏறுது. காவாசித் தண்ணி நிலத்தில. மீன் 7, ஒரு அனிமோன் (பூப்போல விரியிற கடலுயிர்), பாறை ஒரு 25 கிலோ. பெரிய வாளி, மூடி போட்ட பிளாஸ்ரிக் பெட்டி, பரல் இருக்கிற ஆக்கள் கொண்டு வாங்கோ. சாப்பாட்டுச் சாமான் வைச்சதாப் பாருங்கோ. சவர்க்காரம், எண்ணெய், பூச்சிமருந்து பட்டது வேண்டவே வேண்டாம்.

5:49 வதனி அக்கா: தம்பி, தண்ணிக்குள்ள கை வைக்க முதல் மெயின் சுவிட்சை நிப்பாட்டு. ஈரக்காலோட நிண்டு பிளக்கைப் பிடுங்காதே. உப்புத்தண்ணி கிணத்துத்தண்ணியை விட எத்தினையோ மடங்கு கறண்டைக் கடத்தும்.

5:50 குகன்: நிப்பாட்டியாச்சு அக்கா.

5:51 ராசன் மாமா: கண்ணாடிக்கு நேர முன்னால ஒருத்தரும் நிக்கவேண்டாம். வெளியால ரேப் ஒட்டிப் பிரயோசனம் இல்லை, தண்ணிமட்டத்தைக் கெதியா இறக்கு. கண்ணாடியைத் தள்ளுறது தண்ணியின்ர உயரம்தான். உயரம் பாதியானால் மொத்தத் தள்ளல் காவாசியாப் போகும். முக்கால் இஞ்சி ஓஸ் ரெண்டு போட்டு இழு.

5:53 வதனி அக்கா: இழுக்கிற தண்ணி முழுக்கப் பெட்டிகளுக்குள்ள போகோணும். 4 x 1½ x 1½ அடி எண்டால் 250 லீற்றர் மட்டில, இப்ப மிச்சம் 185 வரும். ஓஸை மேல்தண்ணியில பிடி, மணலில முட்டவிடாதே. அடிமணலுக்குள்ள காத்துப் போகாத இடத்தில ஐதரசன் சல்பைட் இருக்கும். கிளறினால் கூழ்முட்டை மணம் வரும், மீன் அதில நிண்டுபிடிக்காது.

5:54 செந்தூரன்: குகன் அண்ணை, 200 லீற்றர் நீலப் பரல் ஒண்டு, 80 லீற்றர் பெட்டி மூண்டு, மீன்கடை ரெஜிபோம் பெட்டி ஒண்டு. கொண்டு வாறன்.

6:02 வதனி அக்கா: ஒழுங்கு இதுதான்: தண்ணி, பேந்து பாறை, கடைசியா மீன். பாறை கிடக்குமட்டும் மீன் அதுக்குள்ள ஒளிக்கும், துரத்தத் துரத்தக் களைச்சுப்போகும். பாறையெல்லாம் எடுத்திட்டு 4, 5 இஞ்சித் தண்ணியில பிடி. வலை வேண்டாம். டாங் மீனுக்கு வாலடியில ரெண்டு பக்கமும் கூர்முள், வலையில கொழுவிச்செண்டால் தோல் கிழியும். ஐஸ்கிறீம் டப்பாவைத் தாழ்த்தித் தண்ணியோடையே அள்ளு. ஒவ்வொரு பாறையின்ர பொந்தையும் பார், கோபி மீன் அதுக்குள்ளயே இருந்து வெளிய வந்திடும். கையுறை போட்டுக்கொள். கண்ணாடி வெட்டின காயத்தில கடல்தண்ணி பட்டால் கிருமி பிடிக்கும்.

6:04 பூமணி மாமி: பாறையை முற்றத்தில வைச்சால் என்ன பிள்ளை? இடம் மிஞ்சுமே.

6:06 வதனி அக்கா: கூடாது மாமி. மீன் கழிக்கிற அமோனியாவை நைத்திரைற்றாக்கி, பேந்து நைத்திரேற்றாக்கிற பற்றீரியா அந்தப் பாறையிலதான் குடியிருக்கு. தொட்டியின்ர உண்மையான வடிகட்டி அதுதான். காய்ஞ்சால் பற்றீரியாவும் சாகும், பொந்துக்குள்ள இருக்கிற பஞ்சுயிர், புழு எல்லாம் செத்து அழுகும். அதைத் திரும்பத் தண்ணிக்குள்ள போட்டால் அமோனியா ஏறி ரெண்டாம் மூண்டாம் நாள் மீன் விழும். தொட்டி உடைஞ்ச அண்டைக்குச் சாகிற மீன் குறைவு. பிறகு வாற கிழமைதான் பயம்.

6:21 குகன்: எல்லாம் வெளிய எடுத்தாச்சு. கோமாளி மீன் 2, டாங் 1, கோபி 1, டாம்சல் 2, ராஸ் 1. எல்லாத்துக்கும் மூச்சு இருக்கு. எப்பிடிப் பிரிக்க?

6:24 வதனி அக்கா: பாறை ஒவ்வொண்டையும் ஒரு வாளித் தொட்டித்தண்ணியில ஆட்டி ஊத்தையைக் கழட்டு, பிறகு வை.
முதல் பெட்டி: டாங், கோமாளி, கோபி. சரியாத பாறை 3, 4 துண்டு. குவிக்காதே, சரிஞ்சால் மீன் நசியும்.
ரெண்டாவது: ராஸ். அது இரவில மணலுக்குள்ள படுக்கிற மீன். ஒரு சோத்துக்கோப்பையில கழுவின மணல் 2, 3 இஞ்சிக்குப் போட்டு வை.
மூண்டாவது: டாம்சல் ரெண்டும். நடுவில ஓட்டை போட்ட பிளாஸ்ரிக் தட்டை நிறுத்திப் பிரி. இடம் மாறினால் ரெண்டும் கடிபடும்.
அனிமோன் ரெஜிபோம் பெட்டியில தனிய. கரைஞ்சு நாறத் தொடங்கினால் அந்த நிமிசமே எடுத்து எறி, அது ஒரு பெட்டித் தண்ணியைக் கெடுக்கக் காணும்.
மிச்சப் பாறையும் மிச்சத் தண்ணியும் பரலுக்குள்ள.
ஒளிக்கிறதுக்கு 2 இஞ்சி பி.வி.சி. குழாய்த் துண்டு போடு. ராஸும் கோபியும் பாயிற மீன், நுளம்புவலைத் துணியால மூடிக் கட்டு.

6:26 குகன்: மெயின் இன்னும் போடேல்லை அக்கா. எயர் மோட்டர்?

6:28 வதனி அக்கா: யூ.எஸ்.பி. எயர் மோட்டரைப் பவர் பேங்கில கொழுவு. அதுவரைக்கும் 5 நிமிசத்துக்கு ஒருக்கா ஒரு செம்பு தண்ணி அள்ளி, ஒரு அடி உயரத்தில இருந்து அதே பெட்டிக்குள்ள ஊத்து. உப்பும் சூடும் கூடக்கூடத் தண்ணி பிடிக்கிற ஒட்சிசன் குறையும். பரல் ஆழம், வாய் ஒடுக்கம். பாறைக்கும் காத்து வேணும், காத்துக்கல்லு (எயர் மோட்டர்க் குழாய் முனையில குமிழி விடுற கல்) அதின்ர அடியில கிடக்கோணும்.
முக்கியம்: கனிஸ்ரர் பில்டர் (தொட்டிக்கு வெளிய வைக்கிற டப்பா வடிகட்டி) நிண்டு ஒண்டு ரெண்டு மணித்தியாலம் போச்செண்டால் அப்பிடியே ஓடவிடாதே. பூட்டின டப்பாவுக்குள்ள ஒட்சிசன் முடிஞ்சு பற்றீரியா செத்துப்போயிருக்கும், அந்தக் கெட்ட தண்ணி நேரா மீனுக்குப் போகும். இப்பவே திற, தண்ணியை வெளிய ஊத்து, பஞ்சையும் வளையங்களையும் தொட்டித்தண்ணியில அலசி மீன்பெட்டிக்குள்ள காத்துக்கல்லுக்குப் பக்கத்தில தொங்கவிடு.

6:35 செந்தூரன்: தண்ணி காணாது போல. வான் நிக்குது. பண்ணைக் கடலில அள்ளிக்கொண்டு வரட்டே, கிட்ட.

6:37 வதனி அக்கா: பண்ணை வேண்டாம் தம்பி. அது களப்பு. மாரியில மழைத்தண்ணி கலந்து உப்புக் குறைஞ்சிடும், வறட்சியில ஆவியாகிக் கடலைவிடக் கூடிடும், ஊர்க் கழிவுத்தண்ணியும் சேருது. வடக்குக் கரைக்குப் போ, காங்கேசன்துறைப் பக்கம். வள்ளம் கட்டுற இடத்தையும் துறைமுகத்தையும் விட்டுத் தள்ளி அள்ளு, எண்ணெய்ப் படலம் இருக்கும். கீரிமலைக் கேணியடியும் வேண்டாம், அங்க நன்னீர் ஊத்து கடலுக்குள்ள இறங்குது. 20 லீற்றர் கான் 6 காணும். நாலா மடிச்ச வெள்ளைத்துணியில வடி. கொண்டு வந்ததும் உப்பை அளப்பம்.

6:40 பூமணி மாமி: இரவில கடலுக்குப் போகத்தான் வேணுமே? வீட்டில ஆனையிறவு உப்பு 5 கிலோ கிடக்கு, கரைச்சு விட்டால்?

6:43 வதனி அக்கா: கறிக்கு நல்ல உப்பு மாமி, மீனுக்குச் சரிவராது. உப்பளத்தில கடல்தண்ணி வத்தேக்க முதல் சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில படியும், பிறகுதான் உப்பு விளையும், மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசி நீரோட வெளிய போகும். மிஞ்சுறது கிட்டத்தட்டச் சோடியம் குளோரைட் மட்டும். மீனுக்கு அந்த மற்றச் சாமானும் வேணும், பி.எச். தாங்கிப்பிடிக்கிற காரத்தன்மையும் வேணும். கடையில விக்கிற கடல்மீன் உப்பு எண்டால் லீற்றருக்கு 36 தொடக்கம் 38 கிராம்.

7:30 குகன்: செந்தூரன் கொண்டு வந்திட்டான். என்ர ரிபிராக்ரோமீற்றர் (உப்பளக்கிற கருவி) 1.028 காட்டுது, பழைய தண்ணி 1.025. கருவி சரியோ தெரியேல்லை.

7:34 வதனி அக்கா: சரிபார்க்கலாம். தராசில 36.5 கிராம் உப்பு, 963.5 கிராம் சுத்தத்தண்ணி, கரைச்சு ஒரு துளி விடு. இதுக்கு மாமியின்ர உப்பே காணும். கருவி ஆயிரத்துக்கு 35, அதாவது 1.026 மட்டில காட்டோணும், இல்லையெண்டால் திருகாணியைத் திருப்பு. பிறகும் கடல்தண்ணி கூடக் காட்டினால் ஆர்.ஓ. தண்ணி (உப்பு நீக்கி வடிச்ச தண்ணி) சேர்த்து 1.025க்கு இறக்கிப்போட்டு ஊத்து. கிணத்துத்தண்ணி வேண்டாம். எங்கட சுண்ணக்கல் நிலத்துத் தண்ணி கடினம், தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியும் சேர்ந்து நைத்திரேற்றும் கூட.

8:10 வதனி அக்கா: இண்டைக்கும் நாளைக்கும் சாப்பாடு போடாதே. சாப்பிடாமல் நாலஞ்சு நாள் தாங்கும், அமோனியாவைத் தாங்காது. காலமையும் பின்னேரமும் அமோனியா அளந்து இஞ்ச போடு. லீற்றருக்கு 0.25 மி.கி. காட்டினால் பாதித் தண்ணி மாத்து. கடல்தண்ணியின்ர பி.எச். 8.2. அதில அமோனியாவின்ர நஞ்சான பங்கு, பி.எச். 7 நன்னீரில இருக்கிறதைவிடப் பத்து மடங்குக்கும் மேல. அதால நன்னீர்த் தொட்டிக்காரர் சொல்லுற கணக்கை இதுக்குப் பாவிக்காதே. பிரைம் (அமோனியாவைக் கட்டிவைக்கிற தொட்டி மருந்து) கையில இருந்தால் போத்தல்ல உள்ள அளவுக்குப் போடு. அதுக்குப் பிறகும் ரெஸ்ட் கிட் அமோனியா காட்டும், கட்டுப்பட்டதையும் சேர்த்துத்தான் அது காட்டுறது.

8:12 குகன்: தண்ணிச்சூடு 30.5.

8:15 வதனி அக்கா: மேசைக்காத்தாடியைத் தண்ணி மேல்மட்டத்துக்குச் சரிவாப் பிடி, 2 பாகை இறங்கும். ஆவியாகிறது தண்ணி மட்டும், உப்பு நிக்கும். பெட்டியில பேனையால கோடு போட்டு, குறையக்குறைய ஆர்.ஓ. தண்ணியால நிரப்பு. அவசரமெண்டால் உறைஞ்ச அரை லீற்றர்ப் போத்தலை மூடியோட மிதக்கவிடு, 80 லீற்றரில ஒரு பாகைக்குக் கொஞ்சம் குறைய இறக்கும். ஒரே நேரத்தில ரெண்டு போடாதே.

சனி காலமை

7:05 குகன்: அமோனியா முதல் பெட்டி 0.25, மற்றதுகள் 0. பாதி மாத்திறன். பழைய மணலை என்ன செய்ய?

7:09 வதனி அக்கா: எறி. திரும்பப் போடுற எண்ணமெண்டால் தண்ணி தெளியுமட்டும் கழுவு, அரைகுறையாக் கழுவிப் போடுறதுதான் ஆபத்து.

7:20 பூமணி மாமி: குகன், நிலத்தை நல்லதண்ணியால மூண்டுதரம் கழுவி ஒத்தியெடு. உப்பு நிண்டால் ரைல்ஸ் இடுக்கு வெளுக்கும், அலுமாரிக் கால் ஊறும். நனைஞ்ச எக்ஸ்ரென்சன் போட்டைக் காயவைச்சுப் பாவிக்காதே, உள்ளுக்குப் பித்தளை பச்சை பிடிக்கும், குப்பையில போடு. அந்த டாம்சல் ரெண்டும் சண்டைக்காரர் எண்டால் கடலில விடலாமே?

7:24 வதனி அக்கா: விடக்கூடாது மாமி. கடையில வாங்கின மீன் எந்தக் கடலில இருந்து வந்ததெண்டு சொல்லேலாது, தொட்டியில பிடிச்ச நோயும் அதோட போகும். டாம்சல் ஒண்டை நான் எடுக்கிறன். தனிப்பெட்டியில 4 கிழமை பார்த்துத்தான் என்ர தொட்டிக்கு விடுவன். புதுப் பாறை வேணுமெண்டு கடலில பவளம் பிடுங்கவும் கூடாது, சட்டத்தில தடை.

9:40 ராசன் மாமா: வந்து பார்த்தன். வெடிச்ச கண்ணாடிக்குச் சிலிக்கன் பூசி ஒரு நாளும் நிக்காது, முன்கண்ணாடி மாத்தோணும். இருக்கிறது 8 மி.மீ., 4 அடி நீளத்துக்கு வளையும். 10 மி.மீ. போடு, மேல குறுக்கால கண்ணாடி நடுப்பட்டியும் வை. வெடிப்புக்குக் காரணம் ஸ்ராண்ட். ரசமட்டம் வைச்சன், முன் இடதுகால் 4 மி.மீ. இறங்கியிருக்கு. உப்புப் பூத்து இரும்பு அரிச்சுப்போச்சு. ஒரு மூலை தாழ்ந்தால் தொட்டி முறுகும், முறுகினால் மூலையில இருந்துதான் வெடிக்கும்.

9:46 குகன்: சிலிக்கன் எது மாமா?

9:52 ராசன் மாமா: வினாகிரி மணக்கிற சாதாரண கண்ணாடிச் சிலிக்கன். பூஞ்சணம் பிடிக்காதெண்டு போட்டிருக்கிற பாத்றூம் சிலிக்கன் வேண்டாம், அந்த மருந்து மீனைக் கொல்லும். புதுச் சிலிக்கன் பழையதில ஒட்டாது. அதால உள்விளிம்புச் சிலிக்கனை நாலு பக்கமும் பிளேட்டால வழிச்சு, அசிற்றோனால துடைச்சு, விரல் படாமல் ஒட்டு. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் இடையில 1 மி.மீ. சிலிக்கன் நிக்கோணும், அமத்திப் பிதுக்கிவிடாதே. 7 நாள் காயவிடு. பிறகு முற்றத்தில, மட்டமான பலகையில கிணத்துத்தண்ணி நிரப்பி 48 மணித்தியாலம். பாதிக்கு நிரப்பி ஒரு இரவு பார்த்துத்தான் முழுக்க நிரப்பு. அடியில பிளாஸ்ரிக் சட்டம் இல்லாத தொட்டிக்குக் கீழ அரை இஞ்சி ரெஜிபோம் தகடு முழு அகலத்துக்கும் போடு.

9:58 வதனி அக்கா: தொட்டி திரும்ப நிண்டதும் பாறை, தண்ணி, பில்டர் மட்டும். ரெண்டு நாள் அமோனியா 0 எண்டு காட்டினால் கோபியும் கோமாளியும். நாலஞ்சு நாள் கழிச்சு ராஸ், பிறகு டாங். டாம்சல் கடைசி. அது முதல் இறங்கினால் முழுத் தொட்டியையும் பிடிச்சுக்கொள்ளும்.

10:05 குகன்: சரி அக்கா. மாமா, கண்ணாடி 48 x 18 இஞ்சி எண்டு சொல்லிவிடட்டே?

10:07 ராசன் மாமா: சொல்லாதே. இந்தத் தொட்டியில முன்கண்ணாடி ரெண்டு பக்கக் கண்ணாடிக்கும் இடையில நிக்குது. உள்ளகலத்தை மேல, நடு, கீழ மூண்டு இடத்தில அள. குறைஞ்ச அளவை எடுத்து, பக்கத்துக்கு 1 மி.மீ. வீதம் 2 மி.மீ. கழி. உயரத்திலயும் அடிச் சிலிக்கனுக்கு 1 மி.மீ. கழி. அளவை எனக்கு அனுப்பு, பார்த்திட்டு வெட்டச் சொல்லுறன்.