சிங்கப்பூர் அன்பியம் (பங்குக் கோவில் மக்களின் சிறு குழு): கிறிஸ்துமஸ் பைகள்

5 டிசம்பர் 2020, சனி

ஸ்டெல்லா: இயேசுவுக்கே புகழ்! இந்த வருஷம் மண்டபத்தில் விருந்து கிடையாது. கோவிட் காரணமாக ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்கிறபோது வேறு வழியில்லை. வசதி குறைந்த குடும்பங்களுக்கான கிறிஸ்துமஸ் பைகளை அவர்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுப்போம். இருவர் இருவராகப் போனால் போதும்.

சேவியர்: சரி அக்கா. வழக்கம்போல ஹேம்பர் (பரிசுக் கூடை) கட்டிவிடலாமா? கேக், பிஸ்கட் டின், ஜூஸ் எல்லாம் வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும்.

ஸ்டெல்லா: ஹேம்பர் வேண்டாம் தம்பி. ஓரறை வாடகை வீட்டில் அதை எங்கே வைப்பார்கள்? ஒரு வீட்டில் அரிசி மூட்டையே கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. எல்லாரிடமும் போனில் பேசிவிட்டேன், என்ன வேண்டும் என்று அவர்களையே கேட்டேன். முதலில் எல்லாரும் "எதுவானாலும் சரி" என்றார்கள். கொஞ்ச நேரம் பேசிய பிறகுதான் வாய் திறந்தார்கள். ஒரு பாட்டி மைலோவும் பெரியவர்களுக்கான டயப்பரும் கேட்டார். டயப்பர் என்று சொல்லவே அவருக்கு அவ்வளவு கூச்சம்.

பிரியா: பாவம் பாட்டி. டயப்பர் என் பொறுப்பு அக்கா, அளவு மட்டும் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

ஆரோக்கியம் மாமா: மற்றவர்களுக்கு ஃபேர்பிரைஸ் பேரங்காடி வவுச்சர் கொடுத்துவிடலாமே. ரொக்கம் என்றால் எதில் செலவாகும் என்று தெரியாது.

ஸ்டெல்லா: மாமா, கிறிஸ்துமஸுக்கு டெக்கா சந்தையில் அரைக் கிலோ ஆட்டிறைச்சி வாங்க அந்த வவுச்சர் உதவாது. பாதி வவுச்சர், பாதி ரொக்கம் கொடுப்போம். வருஷம் முழுக்க வாடகை, கரண்ட் பில் என்று ஒவ்வொரு காசையும் எண்ணி எண்ணிச் செலவு செய்தவர்கள் மாமா. இந்த ஒரு நாளைக்குமா நாம் கணக்குக் கேட்பது?

ஆரோக்கியம் மாமா: நீ சொல்வதும் சரிதான் ஸ்டெல்லா. என் பங்கைக் கவரில் போட்டுத் தருகிறேன்.

ஸ்டெல்லா: நன்றி மாமா. அப்புறம் மூன்று பிள்ளைகள் இருக்கும் அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த அம்மா இரவில் துப்புரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மலேசியாவின் ஜொகூரிலிருந்து பாட்டி வந்து தங்குவார். மார்ச் 18இல் எல்லை மூடியதும் பாட்டியால் வர முடியவில்லை, அம்மாவின் வேலையும் போய்விட்டது. கொம்கேர் என்ற அரசு உதவி கிடைக்கிறது, ஆனாலும் இழுபறிதான். நடுப் பெண் கேட்டது மைக் வைத்த ஹெட்ஃபோன்! ஏப்ரலில் பள்ளி வீட்டிலிருந்தே நடந்தபோது மூன்று பேரும் ஒரே மேசையில் படித்தார்களாம். டீச்சர் கேள்வி கேட்டால் தம்பியின் பாட்டுச் சத்தம்தான் இவள் காதில் விழுமாம். டியூஷன் இன்னும் ஸூமில்தான் நடக்கிறது.

பிரியா: ஒன்று வாங்கினால் மற்ற இருவரும் ஏங்கிப்போவார்கள். மூன்றாக வாங்குவோம், நான் பாதி போடுகிறேன்.

சேவியர்: மீதி என்னுடையது. கொடுக்கும்போது ஒரு படம் எடுத்துக் குழுவில் போடட்டுமா? ஃபாதருக்கும் அனுப்பலாம்.

ஸ்டெல்லா: படம் வேண்டவே வேண்டாம். அந்தப் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடுதான் மறைக்கல்விக்கு வருகிறார்கள். வீட்டு எண், பெயர் எதையும் குழுவில் போட மாட்டேன். கொண்டுபோகிறவர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்கிறேன். ஃபாதரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

சேவியர்: அதுவும் சரிதான் அக்கா. அந்தப் பிள்ளைகள் முகத்தை நான் யோசிக்கவில்லை.

பிரியா: பரிசுகளை இங்கேயே சுற்றிவிடலாமா?

ஸ்டெல்லா: சுற்றாமல் கொடுப்போம் பிரியா. வண்ணக் காகிதத்தைத் தனியாகப் பையில் வைத்துவிடு. இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு அந்த அம்மாவே சுற்றி, பெயர் எழுதி வைக்கட்டும். காலையில் பிள்ளைகள் பிரிக்கும்போது அது அம்மா கொடுத்த பரிசாக இருக்க வேண்டும்.

ஆரோக்கியம் மாமா: நல்ல யோசனை அம்மா. கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். 24ஆம் தேதி மாலை திருப்பலிக்கு முன்பதிவு செய்தவர்கள் அதற்கு முன்பே கொடுத்து முடித்துவிடுங்கள்.

சேவியர்: 20ஆம் தேதி ஞாயிறு மதியம் என் வேன் சும்மாதான் இருக்கும். வண்ணக் காகிதத்தோடு டேப்பும் வாங்கிவிடு பிரியா, அவர்கள் வீட்டில் இருக்குமோ என்னவோ.