304 இதழ்களில் 157

ஈரோடு நூலகர்:
திறந்த அணுகல் இதழ்களில், அதாவது சந்தா கட்டாமல் யாரும் படிக்கக்கூடிய ஆய்விதழ்களில், வருபவை அனைத்தும் குப்பை என்று பேராசிரியர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. கல்லூரி நூலகத்தில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் நான். சந்தா கட்ட முடியாமல் ஒவ்வோர் இதழாக நிறுத்திய காலத்தில், மஞ்சள் பயிரின் இலைப்புள்ளி நோயைப் பற்றிப் படிக்க வந்த மாணவி ஒருத்தி, கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு திரும்பிப் போனதைக் கண்ணால் பார்த்தவன்.

பேரூர்ப் பேராசிரியர்:
2013இல் ஜான் பொஹன்னன் என்ற அறிவியல் செய்தியாளர், வேண்டுமென்றே பிழைகளோடு புனைந்த ஒரு புற்றுநோய் மருந்துக் கட்டுரையை 304 திறந்த அணுகல் இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. இதற்குப் பதில் சொல்லுங்கள், ஐயா.

ஈரோடு நூலகர்:
சந்தா இதழ்களுக்கு எத்தனை அனுப்பினார்? ஒன்றுகூட இல்லை. மண்டியில் ஒரு மூட்டையை மட்டும் அவிழ்த்துப் பார்த்துவிட்டு, அவிழ்க்காத மூட்டை நல்ல சரக்கு என்று ஏலம் விட்டால் எந்த வியாபாரி ஒத்துக்கொள்வார்? தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட கட்டுரையை 1998இல் வெளியிட்டு, 2010இல்தான் திரும்பப் பெற்ற லான்செட் என்ற மருத்துவ இதழ் சந்தா இதழ்தான்.

கோபி ஆய்வாளர்:
என் கட்டுரையை ஓர் இதழ் ஆறே நாளில் ஏற்றது. மதிப்பீட்டாளர் குறிப்பு "நன்று, வெளியிடலாம்" என்ற ஒரே வரி. அதற்குக் கீழே வங்கிக் கணக்கு எண். நான் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஆனால் அங்கே குற்றவாளி எழுதுபவரிடம் வாங்கும் கட்டணம்தான். யாரும் படிக்கலாம் என்பது குற்றம் ஆகாது. எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் காசு வாங்காத இதழ்களும் இருக்கின்றனவே.

பேரூர்ப் பேராசிரியர்:
நீங்கள் திரும்பப் பெற்றீர்கள், அம்மணி. என் துறையில் ஒருவர் அப்படிப்பட்ட இதழ்களிலேயே எழுதி எனக்கு முன்னால் பதவி உயர்வு பெற்றார். 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, தான் ஏற்ற இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியபோது அவருக்கு ஆணை கைக்கு வந்துவிட்டது. படிக்கக் கிடைக்கவில்லை என்ற குறையும், ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் வந்தபின் தீர்ந்தது.

ஈரோடு நூலகர்:
யாருக்குத் தீர்ந்தது? அது அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. கோவையிலிருந்து நாமக்கல் வரை நிறைந்திருக்கும் சுயநிதிக் கல்லூரிகளின் பிள்ளைகள் இன்னமும் வாசலில்தான் நிற்கிறார்கள். சக ஆசிரியர் மேல் உங்களுக்கு உள்ள கோபத்தை அந்தப் பிள்ளைகள் மேல் இறக்காதீர்கள்.

பேரூர்ப் பேராசிரியர்:
என் கோபத்தை அளக்க நீங்கள் யார்? 157க்குப் பதில் எங்கே?

ஈரோடு நூலகர்:
சந்தா இதழ்களுக்கு எத்தனை என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள்; அதுவரை நானும் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.