காணும் பொங்கல் ஃபைனல், எதிரெதிர் ஏரியா கிளப்: எதையெல்லாம் முன்னாடியே எழுதி வைக்கணும்?

வியாசை_கமிட்டி:
அண்ணன்மாரே, சென்னை வியாசர்பாடியில 16 டீம் லெவன்ஸ் (டீமுக்கு 11 பேர்) ஃபுட்பால் நாக் அவுட் நடத்துறோம். காணும் பொங்கல் அன்னிக்கு ஃபைனல். வந்திருக்கிற ரெண்டு கிளப்பும் ஒரு ரோடு தாண்டினா எதிரெதிர் ஏரியா, பல வருஷப் போட்டி. மண் கிரவுண்டு, 100-க்கு 60 மீட்டர், லைட் கிடையாது. நோட்டீஸ்ல "90 நிமிஷம், டிரா ஆனா பெனால்டி"ன்னு ஒரே வரிதான் போட்டிருக்கோம். 4 மணிக்கு கிக் ஆஃப். ரூல், கோடு, கூட்டம் மூணுலயும் எங்க இடிக்கும்னு சொல்லுங்க.

பழைய_விசில்:
முதல்ல அந்த 4 மணியை மாத்துங்க தம்பி. 45, பிரேக் 15, திரும்ப 45, காயம், சப் (ஆள் மாத்தறது)னு ஒரு 6 நிமிஷம் சேர்த்தா 5.51. ஜனவரி நடுவுல சென்னையில சூரியன் மறையறதே 6 மணி வாக்குலதான். அதுக்கப்புறம் பெனால்டிக்கு ஏற்பாடு 5 நிமிஷம், பத்து கிக்குக்கு 10, 12 நிமிஷம். இதுல சிறப்பு விருந்தினர் லேட்டா வந்து கை குலுக்க 20 நிமிஷம் போச்சுன்னா, கீப்பருக்குப் பந்தே தெரியாத நேரத்துல கோப்பைய முடிவு பண்ணுவீங்க. அப்ப விழுற கோலை எந்த ஏரியாவும் ஒத்துக்காது. 3 மணிக்கு விசில் அடிச்சிடணும். விருந்தினர் வரலன்னா பிரேக்ல கை குலுக்கட்டும். எக்ஸ்ட்ரா டைம் வேணுமா, நேரா பெனால்டியான்னு முடிவு பண்றது போட்டி நடத்துறவங்க கையிலதான் இருக்கு. உங்க வெளிச்சத்துக்கு நேரா பெனால்டிதான் சரி.

அடுத்து ரூல் பேப்பர். ஒரே ஒரு பக்கம் போதும், ஆனா ஃபைனலுக்கு ரெண்டு நாள் முன்னாடி ரெண்டு கேப்டனும் மேனேஜரும் கையெழுத்துப் போட்டிருக்கணும். அதுல முதல் விஷயம் கெஸ்ட் பிளேயர். ஃபைனல்னா ஆபீஸ் டீம்ல இருந்தும் காலேஜ்ல இருந்தும் ஆளை இறக்குவாங்க. முதல் ரவுண்டுல கொடுத்த லிஸ்ட்ல இல்லாதவன் ஆட முடியாதுன்னு எழுதிடுங்க. மேட்சுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஆதார் பார்த்து ஒவ்வொருத்தரையா டிக் பண்ணுங்க. எதிர் டீம் மேனேஜரும் அப்ப பக்கத்துல நிக்கணும். கிக் ஆஃப் ஆனதுக்கப்புறம் ஆள் மேல புகார் எடுக்க மாட்டோம்னு ஒரு வரி அவசியம்.

சப் 5 பேர், மூணு தடவைக்குள்ள, பிரேக்ல மாத்துறது அந்தக் கணக்குல வராது. ஒரு டீம்ல 7 பேருக்குக் கீழ போனா மேட்ச் ஓடாது.

எல்லாத்தையும் விட முக்கியமானது: மேட்ச் பாதியில நின்னா என்ன? சட்டப்படி, போட்டி விதியில வேற எதுவும் சொல்லலன்னா அந்த மேட்சைத் திரும்ப ஆடணும். அதாவது 0-2ல தோத்துட்டிருக்கிற டீம் கிரவுண்டை விட்டு வெளிய வந்தா ரீமேட்ச் கிடைக்கும்! உங்க பேப்பர்ல அந்த ஓட்டையை அடைங்க. வெளிய போன டீம் தோத்ததா கணக்கு. மழை, இருட்டுன்னா மறுநாள் காலையில மீதி நிமிஷம், அதே ஸ்கோர்ல இருந்து.

இனி பெனால்டி. எந்த கோல்ல அடிக்கிறதுன்னு ரெஃப்ரி டாஸ் போடுவார். ஆனா பாதுகாப்போ தரையோ சரியில்லன்னா அவரே ஒரு பக்கத்தைச் சொல்லலாம். கூட்டம் பின்னாடி நெருக்கற கோலைத் தவிர்க்க இந்த விதியைப் பயன்படுத்துங்க. ரெண்டாவது டாஸ்ல ஜெயிச்சவர் முதல்ல அடிக்கிறதா, அப்புறம் அடிக்கிறதான்னு முடிவு பண்ணுவார். கடைசி விசில் அடிக்கும்போது ஆட்டத்துல இருந்தவங்கதான் கிக் எடுக்கலாம். பெஞ்சுல இருக்கிற ஆளை அதுக்குன்னு இறக்க முடியாது. 88-வது நிமிஷத்துல ரெண்டு பெஞ்சும் சப் கேட்டுக் கத்துறது இதனாலதான், முன்னாடியே ஞாபகப்படுத்திடுங்க.

கிக் அடிக்கற நொடியில கீப்பரோட ஒரு காலாவது கோட்டு மேலயோ கோட்டுக்கு நேராவோ பின்னாடியோ இருக்கணும். முன்னாடி வந்து தடுத்தா ரீகிக் (திரும்ப அடிக்கணும்), முதல் தடவை வார்னிங், அப்புறம் மஞ்சள் அட்டை. பந்து தானா வெளிய போனாலோ போஸ்ட்ல பட்டுத் திரும்பினாலோ, கீப்பர் அசைவு அடிச்சவரை நிஜமாவே பாதிச்சாதான் ரீகிக். இது தெரியாமதான் கூட்டம் உள்ள ஓடி வரும். மேட்ச்ல வாங்கின மஞ்சளும் பெனால்டியில வாங்கின மஞ்சளும் சேர்ந்து சிவப்பு ஆகாது. இதையும் மைக்ல ஒரு தடவை சொல்லிடுங்க.

கோட்டுக்காரன்:
கிரவுண்டு பத்தி நான் சொல்றேன். சுண்ணாம்புப் பவுடர் போடாதீங்க. ஸ்லைடிங் பண்றவன் தோல்ல வேர்வையோட சேர்ந்தா எரியும், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. கோலமாவு கடையில மூட்டையா விக்கிற வெள்ளைக் கல்மாவு போதும். உங்க அளவுக்கு எல்லாக் கோடும் வட்டமும் சேர்த்து சுமார் 680 மீட்டர் வரும். மீட்டருக்கு 100 கிராம் போட்டா 68 கிலோ, 25 கிலோ மூட்டை மூணு வாங்கிடுங்க. காத்தடிச்சா மாவு பறக்கும், அதனால கோடு போற இடத்துல மட்டும் முன்னாடி லேசா தண்ணி தெளிச்சுக்கங்க.

மூலை சதுரமா வரணும்னா மூணு பக்கமும் 6, 8, 10 மீட்டர் வர்ற மாதிரி கயித்துல முடிச்சு போட்டு முக்கோணமா இழுங்க. நாலு மூலையும் அடிச்சதும் குறுக்களவு ரெண்டும் 116.6 மீட்டர் வருதான்னு பாருங்க. வரலன்னா பெனால்டி பாக்ஸ் கோணிக்கும், அங்கதான் சண்டை கிளம்பும்.

கோல் கோடு போஸ்ட்டோட தடிமன் அளவுதான் இருக்கணும், 12 சென்டிமீட்டருக்கு மேல கூடாது. பலர் போஸ்ட்டுக்கு முன்னாடி கோடு இழுக்கிறாங்க. அது பெரிய தப்பு, முழுசா தாண்டாத பந்து தாண்டின மாதிரி தெரியும். கோட்டோட பின் ஓரமும் போஸ்ட்டோட பின் ஓரமும் ஒரே நேர்ல வரணும். மண் கிரவுண்டுல கோல் வாய் குழிஞ்சிருக்கும், அதனால 2.44 மீட்டர் உயரத்தை நடுவுல நின்னு அளங்க. கூட வந்தா மண் கொட்டி, தண்ணி விட்டு, திமிசுக்கட்டையால இடிச்சு சமமாக்குங்க. அதே வேலையை 11 மீட்டர் பெனால்டி புள்ளியிலயும் முதல் நாள் சாயங்காலம் செஞ்சிடுங்க. ஊன்ற கால் வழுக்கறது அந்தக் குழியாலதான்.

12,000 லிட்டர் தண்ணி லாரியை 6,000 சதுர மீட்டர்ல விட்டா 2 மில்லிமீட்டர்தான். புழுதி அடங்கும், அவ்வளவுதான். காலையிலயே தெளிச்சு முடிச்சிடுங்க, மதியம் விட்டா மேல் மண் சேறாகி கால் வாரும். கெட்டி மண்ணுல பந்து ரொம்ப எகிறும், காத்தழுத்தம் 9 பி.எஸ்.ஐ. (பம்ப் மீட்டர்ல காட்டற அளவு) வாக்குல வெச்சா கட்டுக்குள்ள இருக்கும். விதிப்படி 8.5-க்குக் கீழ போகக்கூடாது.

கூட்டம்_பாக்கறவன்:
சைடு கோட்டுல இருந்து 3 மீட்டர் தள்ளி கயிறு. ஒரு ஏரியா ஆளுங்க இந்தப் பக்கம், இன்னொரு ஏரியா எதிர்ப்பக்கம், உள்ள வர வழியும் தனித்தனி. கோலுக்குப் பின்னாடி யாரும் வேண்டாம். மேளம் இருக்கட்டும், ஃபைனல்னா சத்தம் வேணும். வெடி மட்டும் வேண்டவே வேண்டாம். பந்து பொறுக்கற பசங்க மூணாவது கிளப் பசங்களா இருக்கணும், இல்லன்னா ஜெயிக்கிற டீம் பசங்க பந்தை லேட்டாதான் குடுப்பாங்க. மாநகராட்சி கிரவுண்டுன்னா அனுமதிக் கடிதம், போலீஸ் ஸ்டேஷன்ல மனு, ரெண்டும் ஒரு வாரம் முன்னாடியே. 108 வண்டி உள்ள வர கேட்டு முன்னாடி பைக் நிறுத்த விடாதீங்க.

வியாசை_கமிட்டி:
ரொம்ப நன்றிண்ணா, 3 மணின்னு மாத்திட்டோம். ஒரு சிக்கல் இருக்கு. ரெஃப்ரி வெளிய இருந்து வரார், ஆனா லைன்ஸ்மேன் கிடைக்கல. கிளப்புக்கு ஒருத்தர் கொடி பிடிக்கட்டும்னு ரெண்டு பேரும் கேக்குறாங்க.

பழைய_விசில்:
முதல்ல தாம்பரம், ஆவடி பக்கம் விசாரிங்க, போக்குவரத்துக் காசும் சாப்பாடும் கோப்பை பட்ஜெட்ல இருந்து குடுங்க. யாருமே கிடைக்கலன்னா கிளப் ஆளுங்க கொடி பிடிக்கலாம், ஆனா பந்து வெளிய போச்சா இல்லையாங்கறதுக்கு மட்டும். ஆஃப்சைடு, ஃபவுல், கோல் எல்லாம் ரெஃப்ரி மட்டும் பார்ப்பார். இதை ரூல் பேப்பர்ல சேர்த்து, டாஸ் போடறப்ப அந்த ரெண்டு பேரையும் கூப்பிட்டு கேப்டன்கள் முன்னாடி ரெஃப்ரியே சொல்லணும். பிரேக்ல ரெண்டு பேரும் பக்கம் மாறணும், இல்லன்னா மேட்ச் முழுக்க தன் ஏரியா ஆளுங்க முன்னாடியே ஒருத்தர் நிப்பார்.