சோழி, சிப்பி, முத்து வச்ச கைவினை நகை: துளையில தெறிப்பு, வெள்ளைப் படலம், அர்த்தம் பத்தின கேள்வி

நூல்கண்டு (தர்மபுரி) கேட்டது:

வணக்கம். சோழி, சிப்பித் துண்டு, நன்னீர் முத்து, ரெசின் (ஊத்தினா கண்ணாடி மாதிரி கெட்டியாகுற திரவம்) அலை டாலர்னு கடல் சார்ந்த நகை கையால செஞ்சு விற்கிறேன். சிப்பியில துளை போடும்போது பத்துக்கு மூணு விளிம்புல தெறிச்சுடுது. கழுவிக் காய வச்ச சிப்பி மேல வெள்ளையா ஒரு படலம் நிக்குது, ப்ளீச்ல ஊற வச்சும் போகல. ரெசின்ல பதிச்ச சோழியைச் சுத்தி எப்பவும் குமிழி.

இதைவிடக் கஷ்டம், வாங்க வர்றவங்க கேக்குற கேள்வி. "நம்ம ஊர்ல கடலே இல்லையே, இதைப் போட்டுக்கிட்டா என்ன அர்த்தம்?" அழகுக்குன்னு மட்டும் சொல்லி விட்டுட எனக்கு மனசு வரல. எந்தச் சிப்பியைச் சட்டப்படி தொடவே கூடாதுன்னும் சொல்லுங்க.

பட்டறைத்திண்ணை (ஓசூர்):

முதல்ல துளை. 1 மி.மீ. வைர முனை பிட் எடுத்துக்கோங்க; மரத்துக்கு வர்ற சாதா பிட் சிப்பியைக் கடிச்சு இழுக்கும், தெறிக்கிறது அதனாலதான். ஒரு தட்டுல ஈர ஸ்பாஞ்ச் வச்சு, சிப்பி முழுகுற அளவுக்குத் தண்ணி விடுங்க. சிப்பியோட ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, துளை வர்ற இடத்துல பென்சில் புள்ளி. விளிம்புல இருந்து குறைஞ்சது 3 மி.மீ. உள்ளே தள்ளி வைங்க. அழுத்தாதீங்க, பிட் தானா இறங்கட்டும். பெரும்பாலும் உடையுறது பிட் அந்தப் பக்கம் வெளிய வர்ற கடைசி அரை மில்லிமீட்டர்லதான். பாதி வந்ததும் திருப்பிப் போட்டு மறுபக்கத்துல இருந்து துளைச்சா இந்தத் தொல்லை தீரும். தண்ணி பக்கத்துல வயர் வச்ச டிரில் வேண்டவே வேண்டாம், பேட்டரி டிரில்தான். காஞ்ச சிப்பித் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். ஈரமா துளைச்சாலும் என்95 மாஸ்க் போட்டுக்கோங்க.

படலத்துக்குக் காரணம் நம்ம போர் தண்ணி. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தண்ணியில உப்பு அதிகம், காயும்போது சுண்ணாம்பா படியும். ப்ளீச் அழுக்கையும் பாசியையும் எடுக்கும், சுண்ணாம்பை எடுக்காது. வினிகரோ எலுமிச்சையோ போட்டுப் பார்க்கலாம்னு தோணும், போட்டுடாதீங்க. சிப்பியே கால்சியம் கார்பனேட். புளிப்பு பட்டா படலத்தோட சேர்ந்து பளபளப்பும் கரைஞ்சு போகும். கடைசி அலசலை மட்டும் ஆர்.ஓ. தண்ணியிலோ மழைத் தண்ணியிலோ பண்ணி, உடனே பருத்தித் துணியால ஒத்தி எடுங்க.

இப்ப கையில இருக்கிறதை நகத்தால சுரண்டிப் பாருங்க. பொடியா உதிர்ந்தா உப்பு, ஈர டூத் பிரஷ்ல தேய்ச்சு எடுத்துடலாம். உதிராம, தொட்டா சாக்பீஸ் மாதிரி இருந்தா ப்ளீச்ல ரொம்ப நேரம் கிடந்து மேல்பூச்சு போயிடுச்சுன்னு அர்த்தம். அது திரும்ப வராது. ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினா கொஞ்ச நாளைக்கு மறையும், அவ்வளவுதான். சோழியை ப்ளீச்ல போடவே வேண்டாம். அதோட மினுமினுப்பு இயற்கையாவே உள்ளது.

குமிழி சோழிக்குள்ள இருந்து வருது. சோழி உள்ளே பொள்ளல். ரெசின் கெட்டியாகும்போது சூடேறும், உள்ளே இருக்கிற காத்து விரிஞ்சு அந்தப் பல் வச்ச பிளவு வழியா ஒண்ணொண்ணா வெளிய வரும். அதனால சோழியைக் கவிழ்த்து வச்சு பிளவுல டூத்பிக்கால கொஞ்சம் ரெசினை நிரப்பி, கெட்டியான பிறகு டாலர்ல பதிங்க. கழுவின சோழி ரெண்டு நாளாவது காயணும், ஈரம் இருந்தா ரெசின் மங்கும்.

அளவு சொல்றேன். 30 மி.மீ. வட்டம், 5 மி.மீ. ஆழம்னா சுமார் 3.5 மி.லி. போதும். ஆனா அவ்வளவு கொஞ்சமா கலக்காதீங்க. தராசுல கால் கிராம் தப்பினாலும் ரெசினும் ஹார்டனரும் (அதைக் கெட்டியாக்குற திரவம்) சேர்ற விகிதம் கெட்டு, டாலர் கடைசி வரைக்கும் பிசுபிசுன்னே இருக்கும். மூணு டாலருக்குச் சேர்த்து 12 கிராம் கலங்க. பாட்டில்ல விகிதம் எடைக்கா கன அளவுக்கான்னு பாருங்க. ஹார்டனர் ரெசினைவிட லேசு. கன அளவு விகிதத்தைத் தராசுல வச்சா தப்பாகும். மூணு நிமிஷம் மெதுவா, கப்போட ஓரமும் அடியும் வழிச்சுக் கலக்கணும். மார்கழியில ஓசூர்க் குளிருக்கு ரெசின் தேன் மாதிரி கெட்டியாகி குமிழியை விடாது. பாட்டிலைப் பத்து நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணியில நிறுத்திட்டுக் கலங்க.

யுவி விளக்கு வெளிச்சத்துல கெட்டியாகுற யுவி ரெசின்ல சோழி பதிக்காதீங்க. சோழியோட நிழல்ல வெளிச்சம் போகாது, அடியில கெட்டியாகாமலே நிக்கும்.

தகடூர்வளை:

அர்த்தத்துக்கு வெளிநாட்டுக் கதை எதுவும் தேட வேண்டாம் தோழி. வளையல்னு நாம சொல்றதோட வேர் "வளை". சங்க காலப் பாட்டுல வளைன்னா பெரும்பாலும் சங்கை அறுத்துச் செஞ்ச வளை. சங்கைக் குறுக்கா அறுத்தா தானாவே ஒரு வட்டம் கிடைக்கும், அதை உரசி மெருகேத்தினா நகை. கொற்கையிலயும் அழகன்குளத்துலயும் சங்கு வளைத் துண்டுகள் தோண்டி எடுக்கப்பட்டிருக்கு. முத்து மட்டும்தான் கடல் நகைன்னு நினைக்கிறவங்களுக்கு இதைச் சொல்லுங்க.

நம்ம வீட்டுக்குள்ளயும் பாருங்க. கைக்குழந்தைக்குப் பால் புகட்டுற பாலாடைக்கு இன்னிக்கும் "சங்கு"ன்னுதான் பேர், வெள்ளியில செஞ்சாலும் எவர்சில்வர்ல செஞ்சாலும். பல்லாங்குழிக்கும் தாயம் ஆட்டத்துக்கும் சோழி. எருது விடும் விழாவுக்கு மாட்டை அலங்கரிக்கிறப்ப கழுத்துப் பட்டையில சோழி தைப்பாங்க. கடல் பார்க்காத ஊர்னு யாராவது சொன்னா, அந்தப் பட்டையைக் காட்டுங்க. ஒகேனக்கல்ல விழுற காவிரி பூம்புகார்லயும், கே.ஆர்.பி. அணை தாண்டிப் போற தென்பெண்ணை கடலூர்ப் பக்கமும் கடலைச் சேருது.

என் கருத்து ஒண்ணு. இந்த நகையோட ஈர்ப்பு, ஒரு உயிர் தன் உடம்பைச் சுத்தி வருஷக்கணக்கா கட்டின வீடுங்கிறதுதான். சிப்பி விளிம்புல வரிவரியா இருக்கே, அது வளர்ந்த வரி. அது மேல கிளிட்டரையும் தங்கப் பெயின்ட்டையும் பூசினா பிளாஸ்டிக்குக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த வரி விரல்ல தட்டுப்படுற மாதிரி, மேல்பக்கத்தை ரெசினால மூடாம விடுங்க. வாங்குறவங்க முதல்ல தடவிப் பார்க்கிறது அங்கதான்.

உள்ளூர்ச் சரக்கும் சேர்க்கலாம். ஏரி, குளத்துல தண்ணி வத்தினா கரையில நன்னீர் மட்டியோட காலி ஓடு கிடைக்கும். உட்புறம் முத்து மினுக்கு இருக்கும். ஓடு மெல்லிசு, கத்தரியால வெட்டினா பாளம் பாளமா உரியும். தண்ணிக்குள்ள வச்சு நகை வேலைக்கான மெல்லிய ரம்பத்தால அறுங்க. ஆனா அதைக் "கடல் சிப்பி"ன்னு விற்காதீங்க, ஏரி மட்டின்னே எழுதுங்க.

கடைவீதி_கிருஷ்ணகிரி:

சட்டம்: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியல்ல 2001ல நிறைய கடல் உயிர்களைச் சேர்த்தாங்க. பாறை கட்டுற பவளப்பாறை, கருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை எதுவும் கூடாது. செத்துக் கரை ஒதுங்கின துண்டும் கூடாது. நாட்டிலஸ், ராட்சத மட்டி, ஹெல்மெட் ஷெல்னு சொல்ற பெரிய சங்கு, விரல் விரலா நீட்டிக்கிட்டிருக்கிற சங்குல சில இனங்கள், எல்லாம் பட்டியல்ல உண்டு. "டூர் போனப்ப வாங்கினேன்"னு யாராவது கொண்டு வந்து டாலர் செஞ்சு தரச் சொன்னா மறுத்துடுங்க. நகைக்கடைச் செம்பவழம் வேற இனம். மொத்தமா வாங்கும்போது இனத்தோட பேர் போட்ட பில் கேளுங்க. தரலைன்னா அந்தச் சரக்கே வேண்டாம்.

வலம்புரிச் சங்குன்னு சொல்லி சின்னச் சங்கு டாலர் விலைக்கு வரும். அமெரிக்கக் கரையில கிடைக்கிற ஒரு வகைச் சங்கு இயல்பாவே வலம்புரி மாதிரி சுழியும், அதைத்தான் பெரும்பாலும் தள்ளி விடுறாங்க. வாயைத் திறந்த மாதிரி இருக்கிற பக்கம் உள்ளே டார்ச் அடிங்க. நம்ம சங்குக்கு நடுத்தண்டுல மூணு நாலு மடிப்பு வரிசையா ஓடும், அமெரிக்கச் சங்குக்கு அந்த மடிப்பு இருக்காது.

நூல்கண்டு:

ரொம்ப நன்றி, மாட்டுப் பட்டை எனக்குத் தோணவே இல்லை. முத்து மாலைக்கு நைலான் நரம்பா, பட்டு நூலா? ஒட்ட ஃபெவிக்விக் சரிதானே?

பட்டறைத்திண்ணை (ஓசூர்):

ஃபெவிக்விக் வேண்டாம். அதோட ஆவி சிப்பி மேல வெள்ளையா படியும், நகை கீழ விழுந்தா ஒட்டின இடமும் பட்டுன்னு விட்டுடும். ரெண்டு ட்யூப் எப்பாக்ஸி சமமா கலந்து, ஒட்டுற ரெண்டு முகத்தையும் 400 நம்பர் உப்புத்தாள்ல லேசா சொரசொரப்பாக்கி ஒட்டி, ஒரு நாள் அசைக்காம வைங்க.

முத்துக்குப் பட்டு நூல், ஒவ்வொரு முத்துக்கும் நடுவுல ஒரு முடிச்சு. முத்தும் முத்தும் உரசாது, அறுந்தாலும் ஒண்ணுதான் உருளும். முடிச்சுக்குன்னு மாலை நீளத்தைப் போல ரெண்டு மடங்கு நூல் எடுங்க. ஜம்ப் ரிங்கை (கொக்கி, டாலர் மாட்டுற சின்னக் கம்பி வளையம்) இழுத்துத் திறக்காம, ரெண்டு பிளையர்ல ஒரு முனையை முன்னுக்கும் ஒண்ணைப் பின்னுக்கும் திருகித் திறங்க. இழுத்தா வட்டம் திரும்பச் சேராது, மாலை நழுவும்.

பேக்கிங்ல சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுறதா இருந்தா முத்து நகைக்கு மட்டும் போடாதீங்க. முத்துல கொஞ்சம் ஈரம் இருந்தாதான் நல்லது, ரொம்பக் காஞ்சா விரிசல் விடும். காத்துப் புகுற துணிப்பையே போதும். சென்ட் அடிச்சுக் காஞ்சதும் கடைசியா முத்தைப் போடச் சொல்லி ஒரு சீட்டும் உள்ளே வைங்க.