மறு: கோரல் பிளீச்சிங்: வெளுத்தலா, வெளிறலா?

அன்பின் நண்பர்களே,

கடல் சூடேறும்போது முருகைக்கல் (தமிழ்நாட்டில் பவளப்பாறை, ஆங்கிலத்தில் கோரல்) வெள்ளையாகிப் போவதை, அதாவது பிளீச்சிங்கை, தமிழில் எப்படிச் சொல்வது என்று நான் கேட்டதற்கு இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். சொல் எங்கே புழங்கப்போகிறது என்பதை விட்டுவிட்டுப் பேசினால் விவாதம் அகராதியோடு நின்றுவிடும். ஆகவே முதலில் இடத்தைச் சொல்கிறேன்.

திருகோணமலைக்கு அருகே நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் புறாத்தீவு இருக்கிறது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 471 ஹெக்டேயர். வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளது. 1998இல் கடல் சூடேறி இலங்கையின் தெற்கிலும் மேற்கிலும் ஆழம் குறைந்த இடத்து முருகைக்கற்கள் பெருமளவில் மடிந்தபோது எங்கள் கிழக்குப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. அன்று தப்பியதை நம்பி இன்று சும்மா இருக்க முடியாது. உலகளவில் நான்காவது பிளீச்சிங் நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் பெருங்கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பு அறிவித்தது.

வாடைக் காற்று ஓய்ந்து, கடல் தெளிந்து, உல்லாசப் பயணிகளின் படகுகள் ஓடத் தொடங்கும் காலத்தில்தான் இங்கே தண்ணீரும் சூடேறுகிறது. அந்த வாரங்களில் விடாமல் கல்லைப் பார்க்க வேண்டும். கொழும்பிலிருந்து ஆய்வாளர்கள் வந்துபோகும் நாட்கள் அதற்குப் போதாது. தினமும் அந்தக் கடலில் இருப்பவர்கள் படகோட்டிகளும் சுழியோடிகளும்தான். அவர்களும் உயர்தர வகுப்பு மாணவர்களும் தாமே நிரப்பக்கூடிய தமிழ்ப் படிவம் ஒன்றுக்காகத்தான் இந்தச் சொல்லைக் கேட்கிறேன்.

படிவத்துக்கு அடிப்படை, 1997 முதல் பல நாடுகளில் தொண்டர்கள் கையாண்டுவரும் ரீஃப் செக் முறை. கல்லின் மேல் 100 மீற்றர் நாடாவை விரிக்க வேண்டும். அதில் 20 மீற்றர் துண்டுகள் நான்கு, இடையிடையே ஐந்து மீற்றர் இடைவெளி. ஒவ்வொரு அரை மீற்றரிலும் நாடாவுக்கு நேர்கீழே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். மொத்தம் 160 புள்ளிகள், புள்ளிக்கு ஒரு பதிவு. நீரோட்டம் தள்ளத் தள்ள, எழுதுபலகையில் பென்சிலால் குறிக்கிறவர் அடிக்குறிப்பைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். சொல்லைப் பார்த்த உடனேயே பொருள் விளங்க வேண்டும்.

> ‘வெளுத்தல்’ என்று நாளிதழ்களில் வந்துவிட்டது. பழகிய சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

பழகிய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் தமிழில் எது வெளுக்கிறது? துணி வெளுக்கிறது, சாயம் வெளுக்கிறது, கிழக்கு வெளுக்கிறது. அழுக்குப் போவதும் இருட்டு விலகுவதும் வெளுத்தல். உயிருள்ள ஒன்று நலம் கெடுவதை அந்தச் சொல் காட்டவில்லை. கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டுப் பழகிய ஊரில், யாரோ கடலில் எதையோ கொட்டிவிட்டார்கள் என்று பிள்ளைகள் எண்ணவும் இடமிருக்கிறது.

வெளிறுதல் அப்படி அல்ல. காய்ச்சலில் கிடப்பவனின் முகம் வெளிறுகிறது, உதடு வெளிறுகிறது. வெளிறியவன் நோயாளி, பிணம் அல்ல. முருகைக்கல்லுக்கு நடப்பதும் இதுதான். அதன் தசைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலைக் கொண்டு அவை ஆக்கும் உணவில் பெரும்பங்கு, சில இனங்களில் 90 விழுக்காடு வரை, கல்லைக் கட்டும் சிற்றுயிர்களுக்குப் போகிறது. ஆண்டின் மிகச் சூடான மாதத்தின் வழக்கமான வெப்பத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடுதலாக, தண்ணீர் சில வாரங்கள் அப்படியே நின்றால் இந்த உறவு முறிகிறது. பாசிகள் வெளியேற்றப்படுகின்றன. மிஞ்சிய தசை கண்ணாடிபோல் ஆகி, உள்ளே இருக்கும் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிகிறது. கல் பட்டினி கிடக்கிறது, ஆனால் உயிரோடு இருக்கிறது. வெப்பம் நேரத்தோடு தணிந்தால் பாசிகள் மறுபடி பெருகும். இதைச் சொல்ல ‘வெளிறல்’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

பழைய வழக்கில் வைரம் பாயாத மரத்தையும் வெளிறு என்பார்கள் என்று ஒருவர் நினைவூட்டியிருந்தார். சரிதான், அந்தப் பொருளை இன்று படகில் இருக்கிற எவரும் நினைக்கப்போவதில்லை.

> ‘நிறமிழப்பு’ என்பது தெளிவாக இல்லையா?

பாடப்புத்தகத்தில் தெளிவு. கடலுக்குள் அது தவறாகிவிடும். சில இனங்கள் வெள்ளையாவதற்கு முன் பளீரென்று நீலமாகவோ ஊதாவாகவோ ஒளிர்கின்றன. பாசியின் பழுப்பு நிறம் போனதும் கல்லுக்கே உரிய நிறமிகள் மேலே தெரிவதுதான் காரணம். அந்தக் கல்லைப் பார்க்கும் மாணவி ‘நிறமிழப்பு’ என்ற கட்டத்தில் குறியிட மாட்டாள். நிறம் கூடியல்லவா இருக்கிறது! ‘வெளிறல்’ என்பதிலும் இந்தச் சிக்கல் ஓரளவு உண்டு. ஆனால் அது உடல்நிலையைச் சொல்லும் சொல் ஆதலால், ‘ஒளிர்வதும் வெளிறலின் தொடக்கமே’ என்று பயிற்சியில் சொன்னால் மனதில் பதியும்.

> ‘பாசியிழப்பு’ என்றால் காரணமே பெயராகிவிடும் அல்லவா?

இந்த மடலை எழுதிய நண்பரின் அக்கறை எனக்குப் பிடித்திருந்தது. உயிரியல்படி இதுதான் மிகச் சரியான சொல். ஆனால் கடற்கரையில் பாசி என்றால் வழுக்குவது, படிவது, சுரண்டி எடுக்க வேண்டியது. செத்த கல்லின் மேல் படர்வதும் பாசிதான். ‘இந்தக் கல் பாசியை இழந்துவிட்டது’ என்று ஒரு சுழியோடியிடம் சொன்னால், கல் சுத்தமாகிவிட்டது, நல்லது என்றே எடுத்துக்கொள்வார். நோயின் பெயர் குணமானதுபோல் ஒலிக்கக்கூடாது.

> இறந்ததை ‘இறந்த பவளம்’ என்று எழுதினால் முடிந்தது. இதற்குத் தனிச்சொல் எதற்கு?

எனக்கு இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இது. வெளிறலுக்கு மட்டும் சொல் ஆக்கினால் பாதி வேலைதான் நடக்கும். அதன் எதிரில் நிற்கும் சொல்லையும் சேர்த்தே ஆக்க வேண்டும். கடலுக்குள் தொண்டரின் கண்ணுக்கு இரண்டும் வெள்ளை.

வெளிறிய கல்லைக் கை படாமல் ஒரு சாண் தூரத்தில் நின்று பாருங்கள். மேலே மெல்லிய ஈரப் படலம் மினுங்கும். கல்லின் மேலுள்ள சிறு கிண்ணங்களின் உள்ளே, அவற்றில் வாழும் உயிர்களின் ஒளி ஊடுருவும் சின்னஞ்சிறு விரல்கள் தெரியும். வெளிறல் வெயில் படும் மேற்பரப்பில் தொடங்கி ஓரங்களில் மெல்ல மங்கும். கோடு போட்டாற்போல் எல்லை இராது. இப்போது முள்முடி நட்சத்திரமீன் தசையைத் தின்றுவிட்டுப் போன கல்லைப் பாருங்கள். சுண்ணாம்பு பூசிய சுவர்போல் மினுக்கமற்ற வெள்ளை. கிண்ணங்களின் விளிம்புகள் கூராக இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. உயிருள்ள பகுதிக்கும் வெள்ளைக்கும் நடுவே எல்லை வெட்டினாற்போல் இருக்கும். பக்கத்து இடுக்கில் தேடினால் தின்றதே பதுங்கியிருக்கலாம். சில நாட்களில் அந்த வெள்ளையின் மேல் பஞ்சுபோல் பாசி பிடிக்கத் தொடங்கும்.

ரீஃப் செக் முறையில் வெளிறிய கல் உயிருள்ள கல்லாகவே எண்ணப்படுகிறது. வெளிறிய அளவு தனியே விழுக்காடாகக் குறிக்கப்படுகிறது. அண்மையில் இறந்ததற்கு வேறு பிரிவு. தொண்டர் இரண்டையும் குழப்பினால், மே மாதம் கல் எல்லாம் செத்துவிட்டதாகவும் செப்டெம்பரில் செத்தவை எழுந்து வந்ததாகவும் படிவம் சொல்லும். அதன் பிறகு அந்தத் தரவை எந்த ஆய்வாளரும் தொட மாட்டார். இன்னொரு கேடும் உண்டு. முள்முடி நட்சத்திரமீனைச் சுழியோடிகளே அகற்ற முடியும். 1970களின் தொடக்கத்திலேயே திருகோணமலைக் கடலில் அது பெருகியது பதிவாகியிருக்கிறது. தின்ற தடத்தை வெப்பத்தின் கணக்கில் எழுதிவிட்டால், நாமே தீர்த்திருக்கக்கூடிய தொல்லையை வானத்தின் மேல் போட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிடுவோம்.

‘இறந்த கல்’ என்ற சொல்லில் நேற்றுச் செத்ததும் பத்து ஆண்டுக்கு முன் செத்ததும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே புதிதாக இறந்து இன்னும் வெள்ளையாக நிற்பதற்கு ‘வெறுங்கூடு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். உயிர் போன உடலைக் கூடு என்பது தமிழுக்குப் புதிதல்ல. முருகைக்கல்லின் ஒவ்வொரு கிண்ணமும் ஓர் உயிர் கட்டிய கூடேதான். உள்ளே ஆள் இல்லை என்பதைச் சொல் தானே சொல்லிவிடுகிறது. உற்றுப் பார்க்கும்போது எதைத் தேட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. பாசி மூடியதற்குப் ‘பாசி ஏறிய கல்’ போதும்.

> முருகைக்கல் என்றால் தமிழ்நாட்டில் புரியாது.

இங்கே பாடப்புத்தகத்திலும் வாய்ப்பேச்சிலும் முருகைக்கல்தான்; பவளம் என்றால் மோதிரத்தில் பதிக்கும் சிவப்புக்கல். தூத்துக்குடியிலும் இராமேசுவரத்திலும் ‘பவளப்பாறை வெளிறல்’ என்று எழுதுங்கள். வெளிறல் இரண்டுக்கும் பொது.

சொல் கிளைக்குமா என்றும் பார்த்துவிட்டேன். வெளிறிய கல், அரைவெளிறல், முழுவெளிறல், வெளிறல் எச்சரிக்கை. நோயாளி தேறுவதுபோல் கல்லும் தேறும். ஆகவே மீட்சிக்கு ‘தேறுதல்’, ‘தேறிய கல்’. குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய கோரல் வாட்ச் திட்டத்தின் நிற அட்டையும் இதற்குள் அமைந்துவிடுகிறது. அட்டையின் நான்கு பக்கமும் ஒன்று முதல் ஆறு வரை நிறச் சதுரங்கள் இருக்கும். கல்லின் மிக வெளிர்ந்த இடத்தையும் மிக அடர்ந்த இடத்தையும் அட்டையோடு ஒப்பிட்டு எண்ணை எழுத வேண்டும். அதை ‘வெளிறல் அட்டை’ என்று சொல்லாமல் ‘நிற அட்டை’ என்றே வைக்கலாம் என்பது என் கருத்து, ஏனெனில் நலமான கல்லையும் அதே அட்டையால்தான் அளக்கிறோம். நல்ல நிலையில் எடுத்த எண் கையில் இல்லாவிட்டால் கெட்ட நிலையின் எண்ணுக்குப் பொருளில்லை.

படிவம் மார்ச் முடிவதற்குள் அச்சுக்குப் போக வேண்டும், ஏப்ரலில் பயிற்சி. ‘வெளிறல்’ பற்றி இனிப் பெரிய தடை வராது என்று நினைக்கிறேன். ‘வெறுங்கூடு’ பற்றித்தான் கேட்கிறேன். மன்னார், கற்பிட்டி, இராமேசுவரம் பக்கத்து நண்பர்களே, உங்கள் ஊர்ச் சுழியோடிகள் செத்து வெள்ளையாக நிற்கும் கல்லுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருக்கிறார்களா என்று விசாரித்து எழுதுங்கள். அப்படி ஒரு சொல் இருந்தால் என் சொல்லை விட்டுவிட்டு அதையே படிவத்தில் போடுகிறேன்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து