ஆறு பேர் தைத்த பிளாக்குகள் அளவு சேரவில்லை, என்ன செய்யலாம்?

மாசிவீதி:
வணக்கம். மதுரையில் ஒரே தெருவில் இருபது வருடமாகப் பழகும் ஏழு பேர் நாங்கள். எங்களில் ஒருத்தி கார்த்திகை முடிந்ததும் டொராண்டோவில் இருக்கும் மகளிடம் போகிறாள். இனி அங்கேதான். அந்தக் குளிருக்கு எங்கள் பழைய சுங்குடிச் சேலைகளிலேயே ஒரு குயில்ட், அதாவது துண்டுத் துணிகளை இணைத்த போர்வை, தைத்துக் கொடுத்துவிடலாம் என்று மற்ற ஆறு பேரும் பேசி வைத்தோம். குயில்ட்டில் சேரும் ஒவ்வொரு சதுரமும் ஒரு பிளாக். ஆளுக்கு ஐந்து பிளாக், மொத்தம் முப்பது. ஒன்பது கட்டம் வைத்த எளிய பிளாக்தான். நாலரை இன்ச் சதுரம் ஒன்பது, கால் இன்ச் தையல், தைத்து முடித்தால் பன்னிரண்டரை இன்ச் வர வேண்டும்.

போன ஞாயிறு என் வீட்டுக் கூடத்தில் முப்பதையும் பரப்பினோம். யார் எந்தச் சேலையை வெட்டியிருக்கிறார்கள் என்று புள்ளிகளைப் பார்த்தே சொல்ல முடிந்தது. அந்த அரக்கு நிறம் நாங்கள் எல்லோரும் எதிர்சேவை பார்க்கப் போன வருடம் எங்களில் ஒருத்தி கட்டியிருந்தது. அப்புறம் டேப்பை எடுத்தோம். சிலது சரியாகப் பன்னிரண்டரை, சிலது பன்னிரண்டே கால். ஒருத்தியின் ஐந்து மட்டும் பதினொன்றரை. எங்களில் அவள்தான் தையல் தெரிந்தவள், வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள். “இந்த அஞ்சை விட்டுடலாம், நான் வேற தெச்சுத் தரேன்” என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். இவள் ஒன்றும் பேசாமல் ஐந்தையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நான்தான் திரும்ப வாங்கி வைத்திருக்கிறேன். அவள் துணி இல்லாமல் இந்தக் குயில்ட் போகக் கூடாது.

எல்லாவற்றையும் பதினொன்றரைக்கு வெட்டிவிடலாமா? இன்னொன்று, தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டபோது ஒரு பிளாக்கில் அரக்குச் சாயம் பக்கத்துச் சந்தன நிறக் கட்டத்தில் இறங்கிவிட்டது. அதற்கும் வழி சொல்லுங்கள்.

ஊசிக்கண்:
அக்கா, நானும் ஜாக்கெட் தைப்பவள்தான். உங்கள் தோழி தப்பாகத் தைக்கவில்லை, கைப்பழக்கம் அது. உடம்பு போட்டால் பிரித்துவிட வேண்டுமே என்று நாங்கள் அரை இன்ச்சுக்குக் குறைந்து உள்ளே விடமாட்டோம். நூல் கணக்கில் பாருங்கள், ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். விட வேண்டியது இரண்டு நூல், அவர் விட்டது நான்கு. ஒரு தையலில் இரண்டு துணி சேர்வதால் அதிகமாகப் போனது நான்கு நூல், அதாவது அரை இன்ச். ஒரு வரிசைக்கு இரண்டு தையல். ஆக முழுசாக ஒரு இன்ச். பன்னிரண்டரை பதினொன்றரை ஆனது இப்படித்தான். பன்னிரண்டே கால் வந்தவர்களுக்குத் தையல் அரை நூல் தள்ளியிருக்கும், அவ்வளவே. உங்கள் தோழிக்கு அளவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தப்பியிருக்கிறதே, அதுவே சீரான கை என்பதற்கு அடையாளம்.

இனி தைக்கும்போது ஊசி இறங்கும் இடத்திலிருந்து கால் இன்ச் அளந்து மெஷின் தட்டில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டின் ஓரத்தை நம்ப வேண்டாம். மெஷினுக்கு மெஷின் அது மாறும்.

மேரிலாந்துவாசி:
தயவுசெய்து வெட்டாதீர்கள். பன்னிரண்டரையைப் பதினொன்றரை ஆக்கினால் ஓரக் கட்டங்கள் மட்டும் அரை இன்ச் சிறுத்து, நடுக்கட்டம் பெரிதாகத் தெரியும்.

எல்லா பிளாக்குக்கும் சுற்றிலும் ஒரே துணியில் சட்டம் போடுங்கள். இரண்டேகால் இன்ச் அகலப் பட்டை, நாலு பக்கமும். இப்போது பதினொன்றரை பதினைந்தாகும், பன்னிரண்டரை பதினாறாகும். பிறகு எல்லாவற்றையும் நடு மாறாமல் பதினான்கரைக்கு வெட்டுங்கள். பட்டை சிலதில் கொஞ்சம் அகலம், சிலதில் ஒடுக்கம், பார்க்கிறவர் கண்ணுக்குப் படாது. ஐந்துக்கு ஆறாக இணைத்தால் 70 இன்ச்சுக்கு 84 வரும், ஒருவர் தாராளமாகப் போர்த்திக்கொள்ளலாம். 44 இன்ச் அகலத் துணி மூன்று மீட்டர் போதும். வாங்கியதும் அலசிக் காயவைத்துவிட்டு வெட்டுங்கள்.

நான் இருக்கும் பக்கம் பால்டிமோரில் 1840களிலும் 50களிலும் இப்படித்தான் பலர் சேர்ந்து ஆல்பம் குயில்ட் செய்தார்கள். பிளாக்குக்குப் பிளாக் கை வேறு. பலவற்றில் பெயரையும் மையால் எழுதியிருப்பார்கள். அவற்றை அருங்காட்சியகத்தில் பார்த்த பிறகு, நண்பர்கள் செய்த பிளாக் எதையும் நான் ஒதுக்கியதில்லை. நீங்களும் பெயர் போடுங்கள்.

சின்னாளபட்டி:
சாயத்துக்கு: அந்த பிளாக்கில் மறுபடி இஸ்திரி படவே கூடாது. சூடு பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பெரிய வாளி நிறையத் தண்ணீரில் துணி மிதக்கும்படி போட்டு, நிறம் இறங்க இறங்கத் தண்ணீரை மாற்றுங்கள். மடித்து ஈரத்தோடு வைக்காதீர்கள். மற்ற அரக்கு, கத்தரிப்பூத் துணிகளையும் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் ஏறினால் இணைப்பதற்கு முன்பே அலசிவிட வேண்டும். டொராண்டோ மெஷினில் முதல் தடவை போடும்போது தெரிந்து பயனில்லை.

மாசிவீதி:
எல்லோருக்கும் நன்றி. ஊசிக்கண் எழுதியதை அவளிடம் அப்படியே படித்துக் காட்டினேன். “நாலு நூல் விட்டேன்தான்” என்றாள். விட்டுடலாம் என்று சொன்னவளும் அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய், பட்டை எப்படி வெட்டுவது என்று கேட்டிருக்கிறாள். கோரா நிறத்தில் மூன்று மீட்டர் வாங்கி அலசிக் கொடியில் போட்டிருக்கிறோம். முப்பது பிளாக்குக்கும் சட்டம் தைப்பது அவள் பொறுப்பு, மெஷினில் டேப்பும் ஒட்டியாயிற்று.

சாயம் இறங்கிய பிளாக்குக்கு ஏழு வாளித் தண்ணீர் மாற்றினேன். சந்தனக் கட்டத்தின் ஒரு மூலையில் ரோஜா நிறத்தில் லேசாக நிற்கிறது. அது என் பிளாக், அப்படியே வைத்து அதற்குக் கீழே பெயரைத் தைக்கப் போகிறேன். பெயருக்கு எம்பிராய்டரி நூலை எத்தனை இழையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்?

ஊசிக்கண்:
இரண்டு இழை போதும், அக்கா. காம்புத் தையலாகப் போடுங்கள், தமிழ் எழுத்தின் வளைவுக்கு அதுதான் நன்றாக வரும்.